ஒன்பது வோல்ற்

சனிக்கிழமை காலை, எல்ஸ்மியர் வீதி,
ஐஸ் அரங்கின் கார்த் தரிப்பிடம்.
மே மாதம் என்று கலண்டர் சொல்கிறது;
காற்றுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கணினிக்கு ஒரு கூடாரம், பெயின்ற் வாளிக்கு ஒன்று,
பாதரசம் உள்ள மின்குமிழுக்கு ஒன்று.
எனக்குத் தந்தது பற்றறி மேசை:
இரண்டு வாளி, ஒரு சுருள் ரேப், மஞ்சள் அங்கி,
அங்கியில் என் பெயர், மங்களேஸ்.
மிச்சத்துக்கு இடம் போதவில்லை.

நடீன்தான் பொறுப்பு. ஜமெய்க்காக்காரி.
"பெட்டி மாதிரி இருப்பது ஒன்பது வோல்ற்.
தலையில் இரண்டு முனை. இரண்டையும் ஒட்டு.
லித்தியம் என்றால் கட்டாயம் ஒட்டு.
வீங்கினது வந்தால் தொடாதே, என்னைக் கூப்பிடு."

வந்தார்கள்.
ஊறுகாய்ப் போத்தலில், ஐஸ்கிறீம் பெட்டியில்,
யாரோ கல்யாணத்தில் பலகாரம் போட்டுக் கொடுத்த பையில்,
ஒற்றைச் சப்பாத்துக்குள் ஒருவர்.
திரு. பெறெய்ரா
காதுக் கருவியின் பொட்டுப் பொட்டான பற்றறிகளை
மாத்திரைப் பெட்டியில் நாள்வாரியாகப் போட்டு வைத்திருந்தார்.
வியாழன் அறை மட்டும் வெறுமை.
"வியாழக்கிழமை என் மைத்துனி வருவாள்," என்றார்,
"கழற்றி வைத்துவிடுவேன்."

எங்கள் கட்டிடத்து எட்டாம் மாடிச் சுதர்சினி,
'குப்பைக் குழாய்க்குள்ள போட்டா
ஆரக்கா பாக்கிறது' என்று
வருடம் முழுக்க லிஃப்ற்றில் கேட்டவள்,
ஒரு லாச்சி நிறையக் கொண்டுவந்தாள்,
லாச்சியோடேயே.
அதற்குள் ஒரு தோடும் இருந்தது. அவளுடையது இல்லையாம்.

பத்தரைக்கு ஒரு பெடியன்.
கையில் ஒரே ஒரு ஒன்பது வோல்ற்,
புகை மணியில் இருந்து கழற்றினது.
"ராவு முழுக்கக் கீச் கீச் என்றது,
அம்மா கழற்றச் சொன்னா."
அவன் போனதும்
ஒருவரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு
நுனிநாக்கில் வைத்தேன்.

புளி.
சுரீர் என்று ஒரு புளி.
உயிர் இருக்கு.

நாக்குக்கு வயது ஏறவில்லை.
அதற்கு இன்னும் தொண்ணூற்றிரண்டு,
இன்னும் பற்றறி தடைசெய்த சாமான்,
சோதனைச் சாவடியில் சீருடை போட்ட பிள்ளை ஒன்று
சுவர்மணிக்கூட்டைக் கவிழ்த்து முதுகைத் திறந்து பார்க்கிறது.
நான் கொண்டைக்குள் இரண்டு வைத்துக்கொண்டு நடந்தேன்.
பென்டோர்ச் பற்றறி. கனத்த பூ.
ஆறு கிழமை அந்த இரண்டில் செய்தி கேட்டோம்.
தீர்ந்தபோது ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டோம்,
வெயிலில் கிடத்திப் புரட்டினோம்,
கடித்தும் பார்த்தோம்.
செத்தது என்று எதையும்
அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே மூன்றாவது வாளி வந்தது.
"நடீன், இதில் முக்கால்வாசி சாகவில்லை," என்றேன்.
"தெரியும்."
ரேப்பைப் பல்லால் கிழித்தபடி சொன்னாள்:
"செத்ததுக்கு எதுக்கு ரேப்?
மிச்சம் இருக்கிறதுதான் லொறியைக் கொளுத்தும்."

ஒட்டினேன்.
ஒவ்வொன்றின் வாயிலும் ஒட்டினேன்,
சிலதைக் கொஞ்சம் தாமதித்து.

ஒரு மணிக்கு, இலத்திரனியல் கூண்டுக்குள் இருந்து
ஒரு குரல்.
பிள்ளைகளின் பொம்மை ஏதோ,
பிரிண்டர்களுக்கும் ரீவிகளுக்கும் அடியில்.
இரண்டு பேர் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்கள்;
அகப்படவில்லை.
அது கவலைப்படவும் இல்லை.
வானவில்லின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய்
ஊதாவில் திக்கி
மறுபடி சிவப்பில் தொடங்கியது.
நடீன் சிரித்தாள். நானும்தான்,
நாக்கு இன்னும் புளித்தது.

மார்க்கம் வீதிச் சந்தியில்
லொறி நின்றபோதும் கேட்டது.

பச்சை விழுந்தது.
சிவப்பு, என்றது பொம்மை.